மட்டாஞ்சேரியில் நான் பூசிய சுவர்

நான் நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் எர்ணாகுளத்தில் எந்தத் தெருவில் நின்று சுற்றிப் பார்த்தாலும் நான் கட்டிய ஒரு மாடியாவது கண்ணில் படும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்; பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து கரண்டியும் தூக்குக்குண்டுமாக வந்து, இன்று அறுபது பேருக்கு வேலை கொடுக்கிறவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

இந்த உயர்வுக்கெல்லாம் முதல் படி கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுவர். காயல் என்கிற உப்பங்கழியை ஒட்டி, மிளகும் சுக்கும் அடைத்து வைத்த பழைய பண்டகசாலை அது. எத்தனை நூறு வருஷத்துக் கட்டடம் என்று முதலாளிக்கே தெரியாது. தண்ணீர்ப் பக்கத்துச் சுவரில் பூச்சு உதிர்கிறது என்று ஆள் தேடினார். வந்து பார்த்த மூத்த கொத்தனார்கள் எல்லாரும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் பூச வேண்டும், மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. “சிமெண்ட்ல ஒன்பது நாள்ல முடிக்கேன்” என்றேன். முடித்தேன். முகம் பார்க்கலாம் போல இருந்தது. அதற்கப்புறம் நான் வேலை தேடி அலைந்ததே இல்லை, வேலைதான் என்னைத் தேடி வந்தது. அந்த ஒன்பது நாளும் எனக்குக் கலவை சுமந்த சித்தாள் அடுத்த வருஷம் என் மனைவியானாள்.

இந்தச் சுவர் கதையைக் கேட்காதவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. மகளுக்கு மாப்பிள்ளை பேசும்போதே சம்பந்தியிடமும் சொல்லிவிட்டேன். அவர் மதுரையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார். இந்த ஓணம் விடுமுறைக்கு மகளோடு வந்தவர், முதல் நாளே கேட்டார்.

“அந்தச் சுவரு இன்னும் இருக்கா சம்பந்தி, இல்ல கதையில மட்டும்தானா?”

மறுநாள் காலை நால்வரும் படகேறிவிட்டோம். நான், மனைவி, மகள், அவர். புது வேட்டி கட்டியிருந்தேன். அரண்மனையைப் பார்த்தோம், யூதத் தெருவைப் பார்த்தோம். சம்பந்தி ஒவ்வொரு பலகையையும் நின்று படித்தார். எனக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. “அடுத்தது நம்ம சுவர்தான்” என்று சொல்லிச் சொல்லி அவர்களை நடத்திக் கூட்டிப்போனேன்.

பண்டகசாலை கை மாறி, பாதிக் கூரை விழுந்து கிடந்தது. புது உடைமைக்காரர் அதை இடிக்காமல், பழுது பார்த்துக்கொண்டே ஜனங்களையும் உள்ளே விட்டுப் பார்க்க வைக்கிறார். வாசல் கதவே இரண்டு ஆள் உயரம். நுழைந்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பேச்சை நிறுத்துவது சின்ன விஷயமல்ல, என் மனைவியைக் கேட்டுப்பாருங்கள்.

அந்த ஒன்பது நாளும் நான் என் சுவரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். ஓடு போன இடத்தில் வானம் தெரிந்தது. கூரை இல்லாமல் நின்ற உத்தரங்களில் ஓர் ஆணி கிடையாது. மரத்தில் மரத்தைச் செருகியே ஒரு மைதானத்தை மூடியிருக்கிறார்கள். சுவர் அடியில் மூன்றடி அகலம். மேலே போகப் போக ஒரு சீராக மெலிந்து போகிறது. தூக்குக்குண்டு போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, என் கண்ணே போதும், நூல் பிசகவில்லை. காயல் தண்ணீர் பின்வாசல் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷ உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் இந்தச் சுவர் நிற்கிறது. அதில் கை வைத்தேன். குளிர்ச்சியாக, முட்டை ஓடு போல வழுவழுப்பாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல வந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

“அடிபொளி அப்பா!” என்றாள் மகள். அவள் கொச்சியில் பிறந்தவள், பிடித்ததற்கெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

“நீங்க பூசுன இடம் எது?” என்று சம்பந்தி கேட்டார்.

திரும்பினேன். அங்கேதான் சாரம் கட்டி, இரண்டு பேர் உளியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். தலையில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது அடி நீளத்துக்குச் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாகப் பிளந்து, வயிறு தள்ளி நின்றது. உதிர்ந்த இடங்களில் உள்ளே சிவந்த வெட்டுக்கல் தேனடை மாதிரி ஓட்டை விழுந்து, தொட்டால் பொடியாகிற நிலையில் இருந்தது. இரண்டு பக்கமும் பழைய சுண்ணாம்புச் சுவர் அப்படியே இருக்கிறது. நடுவில் மட்டும் புண்.

அது என் இருபது அடி.

“தொடல்லே அங்கிளே, விழும்” என்று மலையாளத்தில் தடுத்தாள் அந்தப் பெண். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே சொன்னாள். “யாரோ சிமெண்ட் வச்சு அடைச்சிருக்கு. சுவருக்கு மூச்சு விட வழியில்ல. உள்ள போன உப்பு வெளிய வராம கல்லைத் தின்னுது. செஞ்ச ஆளு தெரியாம செஞ்சிருக்கும், பாவம்.”

பாவம் என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் அறுபது பேரும், மாடிகளும் எல்லாம் அந்த இருபது அடியின் மேல்தான் நிற்கின்றன. சம்பந்தி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

அப்போது என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “இது இல்ல அண்ணாச்சி. அன்னா அந்தப் பக்கம் வெள்ளையா மின்னுதுல்லா, அதுதான் இவுக பூசுனது” என்று பழைய சுண்ணாம்புச் சுவரைக் காட்டினாள்.

சம்பந்தி போய் அதைத் தடவிப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தடவினார். “சம்பந்தி, இது பெரிய வேலைய்யா. நான் என்னமோ வாய்ச்சவடால்னு நினைச்சேன்” என்றார். தலைமையாசிரியர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு. மகள் முகமெல்லாம் சிரிப்பு. மனைவி என்னைப் பார்க்காமல் காயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் வாழ்க்கையில் செய்யாத வேலைக்கும் பெயர் வாங்கியிருக்கிறேன், மறைப்பானேன்? ஆனால் இந்தச் சுவருக்கு என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. சின்னச் சுவராக இருந்தால் சொல்லியிருப்பேன். இது என்னால் முடியாத வேலை. முடியாது என்பது கொத்தனாருக்குத்தான் தெரியும். கை வைத்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

“அது என்னுது இல்ல சம்பந்தி” என்றேன். “இந்தா பிளந்து நிக்குதே, இதுதான் என்னுது.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “மானத்தைக் காப்பாத்தக் குடுத்தா வாங்கத் தெரியுதா இந்த மனுசனுக்கு!”

சம்பந்தி இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒன்பது நாள்னு சொன்னப்பவே எனக்கு ஒரு சந்தேகம்தான்” என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

தொப்பிக்காரப் பெண் சிரிக்கவில்லை. கிட்டே வந்து கேட்டாள். “அங்கிள்தானா செஞ்சது? உள்ள கம்பிவலை உண்டா?”

“ஆறடிக்கு மேல கோழிவலை அடிச்சேன்.”

“அதான்! உளி வச்சா கல்லும் சேர்ந்து வருது. ஒரு மாசமா தெரியாம முழிக்கிறோம்.”

“வலையை முதல்ல வெட்டணும் மோளே. மேலேருந்து இழுக்கப்படாது. குடு இங்க.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினேன். புது வேட்டி என்று கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் கேட்கவில்லை. மூலையில் வலை முடிகிற இடம் எனக்கு நினைவிருந்தது. வலையின் விளிம்பை வெட்டி, உளியைப் படுக்க வைத்துத் தட்டினேன். ஒரு முழம் அகலத்துக்குப் பாளம் முழுசாகக் கையில் வந்தது. கல் பெயரவில்லை.

பின்னால் வெட்டுக்கல்லை எதிர்பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. கடைசி நாள் அவசரத்தில் அந்த மூலையில் பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல் மேலேயே சிமெண்டை இழுத்துவிட்டிருக்கிறேன். என் சோம்பல் அந்த ஒரு முழத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஊதினேன். தூசி பறந்தது. சுண்ணாம்பில் நான்கு விரல் தடம். கலவை ஈரமாக இருந்தபோது ஒருவன் மூலைக்குக் கரண்டி எட்டாமல் கையாலேயே வழித்திருக்கிறான். நாங்கள் வழித்தால் வளைவு வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“என்ன தெரியுது?” என்று சம்பந்தி கீழிருந்து கேட்டார்.

“ஒரு ஆள் தெரியுது. இடது கைக்காரன்.”

இதைப் படித்துச் சொல்ல அங்கே நின்றவர்களில் என் ஒருவனால்தான் முடியும். அதையும் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. கப்பல்கள் பாய் கட்டி வந்த காலத்தில், இதே உயரத்தில், இதே போல ஒரு சாரத்தில் கால் ஊன்றி நின்றிருப்பான். என் விரல்களை அந்தத் தடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளியே வைத்திருந்தேன். தொடவில்லை.

கீழே இறங்கி உளியைக் கொடுத்தேன். “மீதியை நானே உரிக்கேன் மோளே. திங்கக்கிழமை வரட்டா?”

அந்தப் பெண் என் வெள்ளை முடியைப் பார்த்துத் தயங்கினாள். “ரொம்ப நாள் ஆகும் அங்கிளே. மெதுவாத்தான் எடுக்க முடியும்.”

“ஆகட்டும்.”

“நானும் வாரேன்” என்றாள் என் மனைவி. “இவுகளைத் தனியா விட்டா பேசியே பொழுதைப் போக்கிருவாக.”