பிள்ளையின் குரலுக்கு இறங்கி வந்த சுருதி

எங்கள் அக்கா முத்தையன்கட்டுக் குடியேற்றத்திட்டத்தில், வயல் செய்யவென யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் அவருக்கு எட்டு வயது இளையவன். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, அக்கா அம்மாவோடு வயலில் நின்றுகொண்டே படித்தார். யாழ்ப்பாணம் சென்று சங்கீதம் கற்று ஆசிரியையானார். இடப்பெயர்வுகளில் வீடு போயிற்று, தம்பூரா போயிற்று, அம்மாவும் போனார். மீளக் குடியேறியபின் கிளிநொச்சியில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் அவருக்கு நியமனம் கிடைத்தது. நாங்கள் இருவருமே திருமணம் செய்யவில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தோம்.

சிறுவர்களைச் சுருதி சேரப் பழக்குவதிலேயே அவருடைய மனம் முழுவதும் இருந்தது. முதல் வகுப்பில் பாட்டே கிடையாது. “மாட்டைக் கூப்பிடுற மாதிரி ஒருக்காக் கூப்பிடுங்கோ பாப்பம்” என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். அக்கா சுருதிப்பெட்டியின் திருகை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு குரலும் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதுவார். அந்த இடத்திலேயே பிள்ளையோடு ‘ச’ பிடித்து நிற்பார். இரு குரலும் ஒன்றானதும், “இப்ப கேக்குதோ? ஆரின்ர குரல் எண்டு தெரியேல்லை, என்ன?” என்பார். அடுத்த கிழமை சுருதியில் அரைக் கட்டை மேலே போவார்கள். மத்தியானம் எனக்குச் சோறு போடும்போது, “இண்டைக்கு ஒராள் சேந்திட்டார் தம்பி” என்று சொல்லும் அந்த முகத்தைத்தான் நான் இன்றும் குசினி வாசலில் தேடுகிறேன்.

நோய் முற்றியபோது அக்கா வவுனியா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு பின்னேரம் என்னைக் கிட்ட அழைத்தார்.

“தம்பி, ஒரு பாட்டுப் பாடு.”

“எனக்கெங்க அக்கா பாட்டு வரும்? சனம் பாக்குது.”

“மெல்லமாப் பாடு. நானும் சேந்து பாடுறன்.”

“வீட்டை போய்ப் பாடுறன்” என்றேன். “ஓம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்காம் நாள் அவருடைய உடலைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

எட்டாம் நாள் செலவுக் கிரியைக்கு அவருடைய பாடசாலை அதிபர் வந்திருந்தார். முன்பொருமுறை போட்டிக்குப் பழகிய குழுப்பாடலில் ஒரு சிறுமியின் குரல் மட்டும் சேரவில்லையாம்.

“அந்தப் பிள்ளையை வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்கோ ரீச்சர் எண்டு சொன்னனான் தம்பி. உங்கட அக்கா அழுதிட்டா. ‘என்ர தம்பிக்கு நான் அப்பிடிச் சொன்னனான் சேர். கோயில் திருவிழாப் பாட்டுக்கு. அவனுக்கு அப்ப ஏழு வயசு. அதுக்குப் பிறகு அவன் பாடவே இல்லை’ எண்டா.”

அக்கா முழுக் குழுவின் சுருதியையும் அந்தச் சிறுமிக்காக இறக்கினாராம். பரிசு கிடைக்கவில்லையாம்.

எனக்கு அந்தத் திருவிழா நினைவிலேயே இல்லை. பாட்டு வராதவன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். அன்று எல்லோரும் போனபின் அக்காவின் படத்துக்கு முன்னால் இருந்து பாடிப் பார்த்தேன். சேர்ந்ததோ விலகியதோ தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், ஓமந்தையிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த சித்திக்கும், அவருடைய வகுப்புகளைப் பொறுப்பேற்ற ஆசிரியைகளுக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த அயலவர்க்கும் இந்த முப்பத்தோராம் நாளில் என் நெஞ்சார்ந்த நன்றி. அக்காவிடம் படித்த பிள்ளைகளே, எங்கள் படலை திறந்துதான் இருக்கும். அந்த வழியால் போனால் உள்ளே வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போங்கள். சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி