யார்னா கீறீங்களா?

போன மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடித்து ஈசிசேரில் சாய்ந்திருந்தேன். வாசலில் குரல் கேட்டது. "யார்னா கீறீங்களா?"

முப்பது வருடம் கேட்டுப் பழகிய குரல். கன்னியப்பன்தான் வந்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனேன். கேட்டருகே சைக்கிளைப் பிடித்தபடி நின்றது அவருடைய மூத்த மகன். குரல் மட்டும் அப்படியே அப்பாவுடையது. "அப்பா காலீல போய்ட்டாரு சார். உங்களுக்கு நேர்ல சொல்லணும்னு அம்மா அனுப்புச்சி" என்றான். முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் என்னோடு வேலை பார்த்த உங்களில் பலருக்குக் கன்னியப்பனைத் தெரியும். நான் சர்வேயர், அவர் செயின்மேன். நிலத்தை அளக்கும் இரும்புச் சங்கிலியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு நடப்பார். மறுமுனையில் நான் நின்று எழுதிக்கொள்வேன். கள்ளிக்குப்பத்தில் கூலி வேலை செய்த குடும்பம் அவருடையது. என்னை விட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் 'நீ' என்றேன், அவர் 'நீங்க' என்றார். உத்தியோகம் அப்படி. இன்று எழுதும்போது கூசுகிறது.

அவருடைய அந்தப் பழக்கமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்தக் காலி இடத்தை அளக்கப் போனாலும், முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். ஆளே இல்லாத பொட்டலைப் பார்த்து, "யார்னா கீறீங்களா?" என்று குரல் கொடுப்பார். பத்து எண்ணும் நேரம் காத்திருப்பார். பிறகுதான் சங்கிலி தரையில் இறங்கும். "என்ன கன்னியப்பா, வீட்டுக்காரர் வெளியே போயிட்டாரா?" என்று கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார். "ஆள் இல்லாத எடம்னு ஒண்ணு கெடையாது சார். கேட்டுட்டு எறங்கறது மரியாதை" என்பார். பாம்பை விரட்டத்தான் இப்படி ஒரு சாக்கு என்று நினைத்திருந்தேன்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. பூங்காவுக்கு நிலம் வாங்க நகராட்சியிடம் ஏது பணம்? பெரிய லேஅவுட் போடுகிறவர் பத்தில் ஒரு பங்கை நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பூங்காக்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். தானம் கொடுக்கிற மாட்டுக்குப் பல் இருக்காது என்பது போல, வருவதெல்லாம் பள்ளமும், ஏரிக்கரைச் சேறும், மின்கம்பிக்கு அடியில் கிடக்கும் துண்டுகளும்தான். போய்ப் பார்த்து, 'பூங்காவுக்குத் தகுதி' என்று எழுதுவது என் வேலை. தகுதியில்லை என்று எழுதினால் கோப்பு திரும்பிவிடும். மனை போடுகிறவர் நிலத்துக்குப் பதில் பணத்தைக் கட்டிவிட்டு, அந்த இடத்தையும் மனையாக விற்றுவிடுவார்.

கள்ளிக்குப்பத்தை ஒட்டி ஒரு லேஅவுட். மனை போட்டவர் புதுக் காரில் வந்து இறங்கினார். அவர் எதிரில் கன்னியப்பன் பொட்டலைப் பார்த்துக் கத்தினால் என் மானம் போய்விடும் என்று தோன்றியது. "இன்னிக்குக் கூப்பிடாதே" என்று காதோரம் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பை மட்டும் கழற்றினார்.

பூங்காவுக்கு என்று காட்டிய இடம் நல்ல மேட்டு நிலம். ஓரத்தில் ஒரு புங்கமரம், தரையெங்கும் தும்பைச் செடி. மூன்று முறை இழுத்தோம். மூன்று முறையும் வேறு வேறு அளவு வந்தது. காற்றே இல்லை. சங்கிலியை எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் மெல்லக் கிலுகிலுத்தது. சித்திரை வெயிலில் என் கைமயிர் சிலிர்த்துக்கொண்டது.

"வுடுங்க சார். வெளாடறாங்க" என்றார் கன்னியப்பன்.

யார் என்று நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன். இவ்வளவு நல்ல நிலத்தை ஒருவன் சும்மா கொடுப்பானா? "நீ இந்த ஊர்க்காரன்தானே, இதில் ஏதாவது வில்லங்கம் உண்டா?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்ல சார். எழுதுங்க" என்றார். எழுதினேன். நிலம் பூங்காவாக நகராட்சிக்கு வந்தது.

ஆறேழு வருடம் அது வெறும் பொட்டலாகவே கிடந்தது. பிறகு சிறுவர் பூங்கா அமைக்கப் பணம் ஒதுக்கப்பட்டது. ஊஞ்சல், சறுக்குமரம், சுற்றுச்சுவர். ஊஞ்சல் தூண் எங்கே நடுவது என்று குறித்துக் கொடுக்க உச்சி வெயிலில் போனோம். நான் காட்டிய இடத்தில் ஆட்கள் குழி தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் கடப்பாரை நின்றது. மண்ணோடு ஏதோ மேலே வந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு கருவளையல்கள். என் இரண்டு விரல்களுக்கு மேல் நுழையாத அளவு.

நான் நிமிர்வதற்குள் கன்னியப்பன் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். "மூடச் சொல்லுங்க சார்."

"எழுந்திருய்யா, என்ன இது?"

"கொழந்தைங்க எடம் சார் இது. கூலிக்காரங்க கொழந்தைங்களை இங்கதான் பொதப்போம். எம் பொண்ணும் இங்கதான் கீது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கையெழுத்து, என் வேலை. "அன்னிக்கே கேட்டேனே! ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க நேர்மையா எழுதியிருப்பீங்க. ஃபைலு திரும்பியிருக்கும். அவன் பணத்தைக் கட்டிட்டு மனையா வித்திருப்பான். எம் பொண்ணு மேல எவனாவது கக்கூஸ் கட்டியிருப்பான் சார். பூங்கான்னா எவனும் ஊடு கட்ட முடியாது. கொழந்தைங்கதான வரும்? வெளாடட்டும்னு வுட்டேன்."

கடப்பாரை பிடித்தவர்கள் பின்வாங்கினார்கள். நான் குழியின் விளிம்பில் உட்கார்ந்தேன். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், குழந்தையின் பெயரைக் கேட்டேன்.

"பேர் வெக்கறதுக்குள்ள போய்ட்ச்சி சார். பேர் இருந்தா பேர் சொல்லிக் கூப்ட்டிருப்பேன். இல்லாததாலதான் யார்னா கீறீங்களான்னு கேக்கறேன்."

"எல்லா இடத்திலும் கேட்கிறாயே?"

"வெளாடற கொழந்தை எங்க போச்சோ, இன்னா கண்டோம்?"

குழியை மூடினோம். அவரே அந்த வளையல்களை உள்ளே வைத்தார். அலுவலகம் திரும்பி, 'மண் இறுக்கமற்றது. தூண் நடவோ அஸ்திவாரம் தோண்டவோ தகாது. மணலும் கம்பிவேலியும் போதும்' என்று எழுதினேன். முதல் முறை தெரியாமல் பொய் எழுதினேன். இந்த முறை தெரிந்தே எழுதினேன். ஊஞ்சல் இல்லாமல் என்ன சிறுவர் பூங்கா என்று பக்கத்துத் தொழிற்சாலைக் குடியிருப்புக்காரர்கள் மனுமேல் மனு போட்டார்கள். அதற்காக நான் வாங்கிய திட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காரணம் இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது. கன்னியப்பன் இருக்கும்வரை வெளியே சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் மதியம் அந்தப் பூங்காவுக்குப் போனேன். பள்ளிக்கூட நாள், ஒரு பிள்ளையும் இல்லை. புங்கமரத்தில் யாரோ தாம்புக்கயிறு கட்டி ஊஞ்சல் போட்டிருந்தார்கள். அடிமரத்தில் ஒரு டம்ளர் பால், பிரிக்காத ஒரு பிஸ்கட் பொட்டலம். இலை அசையவில்லை. ஊஞ்சல் மட்டும், யாரோ இப்போதுதான் இறங்கி ஓடியது போல, ஆடி ஓய்ந்துகொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பிப் போக மனம் வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இப்போதெல்லாம் பூட்டிய வீட்டைத் திறந்தாலும், காலி அறைக்குள் நுழைந்தாலும், ஒரு கணம் நின்று மனதுக்குள் கேட்டுவிட்டுத்தான் காலை வைக்கிறேன். அன்று வாய்விட்டே கேட்க நினைத்தேன். செருப்பைக் கழற்றினேன். தரை சுட்டது. வழக்கமான அந்தச் சொற்கள் நாக்கு வரை வந்து நின்றன. எனக்குக் கூப்பிட ஒரு பெயர் இருந்தது.

"கன்னியப்பன், இருக்கீங்களா?" என்றேன். முதல் முறையாக 'நீங்க' போட்டுக் கூப்பிட்டு, பத்து எண்ணத் தொடங்கினேன்.