குளிர் ஊரில் கொதித்த கம்ப்யூட்டர்

கல்யாண வீடியோக்களை எடிட் செய்வதுதான் என் தொழில். உடப்புசல்லாவைக்குப் போகிற வழியில் உள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டு முன்னறையில் பாதியைத் தடுத்து எனக்கென்று ஒரு மேசை போட்டுத் தந்திருந்தார் கணவர். அந்த மேசைக்குக் கீழே, அடுப்படிச் சுவரை ஒட்டினாற்போல என் கம்ப்யூட்டர் நின்றது. நுவரெலியாவில் இருக்கிற ஸ்டூடியோக்காரர்கள் படம்பிடித்துக் கொடுப்பார்கள். நான் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன்.

போன வருஷம் கார்த்திகை மழையில் அந்தக் கம்ப்யூட்டர் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

மேல் லயத்துப் பெண்ணொருத்தியின் கல்யாண வீடியோ கையில் இருந்தது. அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். லீவு கிடைக்காமல் மகள் கல்யாணத்துக்கே வர முடியவில்லை. தாலி கட்டும் நேரத்தில் போனில் காட்டியிருக்கிறார்கள். சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் மேளச் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டதாம். அதனால் வீடியோவுக்காகத் தவம் கிடந்தார். தினமும் எனக்குக் குரல் செய்தி வரும். "அவசரமில்லம்மா, மெதுவா செய்யுங்க" என்று தொடங்கி, "நாளைக்கு முடிஞ்சிருமாம்மா?" என்று முடிப்பார்.

வெட்டும் வேலை முடிந்தது. கடைசியில் முழுப் படத்தையும் ஒரே கோப்பாக மாற்ற வேண்டும். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிற வேலை அதுதான். அதை ஓடவிட்டுவிட்டு, பிள்ளைக் காப்பகத்திலிருந்து மகளைக் கூட்டிவரப் போனேன். திரும்பி வந்தால் திரை கறுப்பாக இருந்தது. கரண்ட் போயிருக்கும் என்று நிமிர்ந்து பார்த்தேன். பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

மறுபடியும் ஓடவிட்டு, இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விசிறி காது கிழியக் கத்தியது. பாதி தாண்டுவதற்குள் டப்பென்று அணைந்துவிட்டது. பெட்டியில் கை வைத்தேன். ரொட்டிக்கல் மாதிரி சுட்டது.

"இந்தக் குளிர்ல நமக்கே சூடு பத்தல. இதுக்கு மட்டும் எங்கேருந்து வருது?" என்றார் கணவர். அவர் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். "ரேடியேட்டர் அடச்சுக்கிட்டா லொறியும் இப்பிடித்தான் கொதிக்கும். எதுக்கும் டீச்சரக் கேளு."

டீச்சர் என்பது எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். வந்த புதிதில் என் பேச்சு அவளுக்கும், அவள் பேச்சு எனக்கும் வேடிக்கையாக இருந்ததில் சிநேகிதமானோம். சனிக்கிழமை காலையில் குடையும் ஸ்குரூ டிரைவருமாக வந்து சேர்ந்தாள்.

முதலில் கம்ப்யூட்டரைப் போட்டு, அது முழுதாக எழும்பும் முன்னரே ஏதோ பட்டனைத் தட்டி, நீலத் திரையொன்றைக் கொண்டுவந்தாள். அதில் பிராசசரின் சூடு தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டே போனது.

"பாத்தீங்களோ, சும்மா நிக்கேக்கையே இவ்வளவு சூடு. வேலை குடுத்தா என்ன செய்யும்? எரிஞ்சு போகாம இருக்கத் தானாகவே நிண்டுபோகுது. பழுதாகேல்லை அக்கா, பயந்துபோய் நிக்குது."

வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். விசிறிக்குக் கீழே இருக்கிற அலுமினியத் தகடுகளைக் காணவே முடியவில்லை. அடுப்புப் புகையும் தூசியும் கம்பளிப் பஞ்சும் சேர்ந்து கறுப்பாகத் திரண்டு கிடந்தன.

"இது தூசியா, பூனைக்குட்டியா?" என்றார் கணவர்.

அவர் சைக்கிள் பம்பால் காற்றடித்தார். நான் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். "விசிறியச் சுத்த விடாதேங்கோ, விரலால பிடிச்சுக்கொண்டு அடியுங்கோ" என்று டீச்சர் கத்தினாள். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார் இப்போது லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பயிர் போடுகிறார். அவரும் மழையில் நனைந்த ஸ்வெட்டரோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசிறியையும் தகடுகளையும் சேர்த்துக் கழற்றினோம். பிராசசரின் முதுகில் பூசியிருந்த பசை காய்ந்துபோய்த் திருநீறு மாதிரி உதிர்ந்தது. அந்தப் பசைதான் சூட்டை அலுமினியத்துக்குக் கடத்துமாம். பழையதைத் துடைத்துவிட்டு, டீச்சர் கொண்டுவந்த டியூபிலிருந்து ஒரு பொட்டு வைத்தோம். கூட இருந்தால் நல்லதுதானே என்று நான் இன்னும் பிதுக்கப் போனேன்.

"கேக்குக்கு ஐசிங் அடிக்கேல்லை அக்கா!" என்று டியூபைப் பறித்துக்கொண்டாள்.

மூடிப் போட்டுப் பார்த்தால், சூடு பாதியாக இறங்கியிருந்தது. விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டாடினோம்.

திங்கட்கிழமை நிம்மதியாக வேலையைப் போட்டுவிட்டு மகளைக் கூட்டிவரப் போனேன். திரும்பி வந்தால் அதே கறுப்புத் திரை.

அழுகையே வந்துவிட்டது. டீச்சருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு மேசைக்குக் கீழே குனிந்தேன். "அப்ப வேற ஏதோ இருக்கு" என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். அடுப்படியிலிருந்து மாமனார் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பெட்டி இன்னைக்கும் பாதியில நின்னுருச்சே."

"ஆமா மாமா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஸ்வெட்டரு காயலையே. அன்னைக்கும் இப்பிடித்தான், ஒரு கை காயிறதுக்குள்ள நின்னுபோச்சு. சூடு இல்லாம எதுக்குன்னு எடுத்துட்டேன்."

மழை தொடங்கியதிலிருந்து, நான் வெளியே போகும்போதெல்லாம் பெட்டியின் பின்பக்கத்தை மூடி ஈர ஸ்வெட்டரைத் தொங்கவிட்டிருக்கிறார். சூடான காற்று வெளியே போகிற வழியே அதுதான். போனில் டீச்சர் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

விஷயத்தை விளக்கியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "அந்தக் குவைத்துப் புள்ள என்னாலயா காத்துக்கிட்டிருக்கு?" என்றார். உடனே பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து, இரண்டு செங்கல்லுக்கு மேல் ஏற்றி வைத்தார். நான் வேலையைத் திரும்ப ஓடவிட்டதும், ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பேத்தி பொம்மையோடு வந்தபோதுகூட, "அந்தப் பக்கம் போ ஆயி, காத்த மறைக்காத" என்று விரட்டினார். மத்தியானச் சாப்பாடும் அந்த ஸ்டூலில்தான். சாயங்காலம் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "முடிஞ்சிருச்சு! முழுசா முடிஞ்சிருச்சு!"

இரவே அனுப்பினேன். மறுநாள் குவைத்திலிருந்து நீளமான குரல் செய்தி வந்தது. முதலில் அழுகை. பிறகு மாமியார்க்காரி கட்டியிருந்த சேலையைப் பற்றி ஒரு விசாரணை. அதன் பிறகு குரல் தணிந்தது.

"தாலி கட்டறப்ப எம்மக நேரா பாக்காம ஒரு பக்கமாவே பாத்துக்கிட்டிருக்காம்மா. போனப் புடிச்சிருந்த பக்கம். என்னையத்தான் பாத்திருக்கா. அத வெட்டாம வச்சிருக்கீங்க, நல்லா இருப்பீங்க."

மணப்பெண் கேமராவைப் பார்க்கவில்லையே என்று அந்த இடத்தை எடுத்துவிடப் போனவள்தான் நான். நாதஸ்வரம் அறுந்துவிடும் என்பதற்காக விட்டுவைத்திருந்தேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் துண்டை மட்டும் திரும்ப ஓடவிட்டேன். அந்தப் பெண் ஓரமாகத் திரும்பி, அங்கே இருந்த சின்னத் திரையைப் பார்த்து, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.