சளி பிடித்தவர்களுக்கு அனுமதி இல்லை

உகாண்டாவுக்குப் போயே தீர வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது எனக்குப் பத்து வயது. மாமாவின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

மாமா, அம்மாவின் தம்பி. கொடைக்கானலுக்கு வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். அன்று யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சின்னப் புத்தகம் ஒன்றை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். பிரித்தேன். மூடுபனி, பாசி ஏறிய மரங்கள், செங்குத்தான சரிவு, ஆளைவிட உயரமான பெரணி. எங்கள் ஊர் பள்ளங்கியில், பூண்டுத் தோட்டத்துக்கு மேலே இருக்கிற சோலைக்காடேதான்! "நம்ம சோலைய புத்தகத்துல போட்டிருக்காங்க மாமா" என்று கத்திக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினால், இலைகளுக்கு நடுவே கறுத்த பெரிய முகம் ஒன்று என்னையே பார்த்தது.

"அது உகாண்டா, பாப்பா. ஆப்பிரிக்காவுல கெடக்கு. இவரு கொரில்லா."

மாமாவின் ஜீப் போகாத இடம் கிடையாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அடைமழையில் தாண்டிக்குடி எஸ்டேட் ஏற்றங்களில் மற்றவர்கள் நிறுத்திவிடும்போது அவர் ஏற்றிவிடுவார். ஆகவே எப்போது புறப்படுகிறோம் என்று மட்டும் கேட்டேன்.

மாமா சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கி, பயணிகளோடு பேசிப் பழகிய ஆங்கிலத்தை வைத்து, கொரில்லா பார்க்கப் போகிறவர்களுக்கான விதிகளை ஒவ்வொன்றாகப் படித்து எனக்குச் சொன்னார். பதினைந்து வயதாகியிருக்க வேண்டும். கொரில்லாவின் பக்கத்தில் போகக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும். ஒரு மணி நேரம்தான் பார்க்கலாம். சளி, இருமல் இருப்பவர்களுக்கு அனுமதி இல்லை. மனிதர்களின் சளி தொற்றினால் கொரில்லா செத்தே போகலாம்.

பதினைந்து வயது எப்படியும் வந்துவிடும். மூக்குதான் பிரச்சினை. மழை தொடங்கினால் ஒழுக ஆரம்பிக்கும், மாசி வரை நிற்காது.

பின்சீட்டில் இருந்த மாமாவின் மகன் சந்தர்ப்பத்தை விடவில்லை. "ஏ புள்ள, நீ ஏரோப்ளேன விட்டு எறங்குறதுக்குள்ள அங்க அம்புட்டு கொரில்லாவும் காலி."

"ஏலே, சும்மா இருலே" என்ற மாமா என் பக்கம் திரும்பினார். "ஒரு சோலி பண்ணுவோம். நம்ம சோலையில கருமந்தி வருதுல்ல? ஒரு மணி நேரம் தும்மாம இருமாம அதுகளப் பாத்துட்டு வா. கொரில்லாவப் பாக்க நானே ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன்."

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எங்கள் ஊரில் சளிக்கு ஒரே மருந்து, பூண்டு. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும் மலைப்பூண்டைப் பிடுங்கிச் சுட்டுத் தின்றேன், பாலில் வேகவைத்துக் குடித்தேன், எண்ணெயில் காய்ச்சி நெஞ்சிலும் முதுகிலும் தேய்த்துக்கொண்டேன். போதாதென்று நாலைந்து பல்லை நசுக்கிச் சட்டைக் காலருக்குள் வைத்தும் தைத்தேன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார ஆளில்லை. ஆனால் ஏழாம் நாள் மூக்கு காய்ந்துவிட்டது.

அன்று வெள்ளனே மூவரும் சோலைக்கு ஏறினோம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாவல் மரத்துக்குக் கருமந்திக் கூட்டம் தினமும் வரும். நாங்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

குரங்கு வரவில்லை. தூரத்தில் கிளைகள் ஆடின, ஒரு உறுமல் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. வெயிலே வந்துவிட்டது.

"காத்து நம்ம பக்கமிருந்து அங்கிட்டுப் போகுது" என்றார் மாமா, மூக்கைச் சுருக்கியபடி. "ஆத்தா, நீ ஒரு ஆள் போதும். பீன்ஸுக்கு ஒங்கப்பா தெளிக்கிற மருந்தே தேவையில்ல."

அப்போதுதான் உறைத்தது. பீன்ஸைக் குரங்கு தொடாமலிருக்க இஞ்சி, பூண்டு, மிளகாய் அரைத்த கரைசலைத்தான் அப்பா தெளிப்பார். குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நடப்பவள் நான்தான்!

மாமாவின் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் எழுந்து நேராக ஓடைக்குள் இறங்கினேன். மார்கழித் தண்ணீர். முங்கினேன், மணலை அள்ளி உடம்பைத் தேய்த்தேன், காலரைப் பல்லால் கடித்துப் பிரித்துப் பூண்டை ஓடையோடு விட்டேன். "போதும், ஏறு பாப்பா, வெரசா ஏறு" என்று மாமா கரையிலிருந்து கெஞ்சினார். நான் ஏறியது, கையை மோந்து பார்த்து திருப்தியான பிறகுதான். ஈரச் சட்டையோடு போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். மாமா தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார்.

அவை வந்தன. முதலில் பெரிய கடுவன், பிறகு ஒவ்வொன்றாக ஏழெட்டு. கடைசியாக ஒரு தாய். அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கறுப்பே இல்லாமல் செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டி. பிறந்து சில நாள்தான் இருக்கும். தாய் மரத்திலிருந்து இறங்கி, ஓடையோரம் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது. குட்டி என்னைப் பார்த்தது. மூச்சுவிடவே பயந்தேன்.

மூக்கினுள்ளே ஒரு எறும்பு ஊர்ந்தது. எனக்குத் தெரிந்த எறும்புதான். மூக்கை அழுத்திப் பிடித்தேன். கண்ணில் நீர் முட்டியது. அடக்கி அடக்கி இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் குட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கமாகவே ஊர்ந்தேன். புதரைத் தாண்டி, பாறையைத் தாண்டி, சரிவில் ஓடி, எங்கள் தோட்டத்து வேலிக்கே வந்து தும்மினேன். பதினோரு தும்மல்.

மாமா பின்னாலேயே இறங்கி வந்தார்.

"எத்தன நிமிசம் மாமா?"

"பத்தொம்பது" என்றவர், கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டில் எல்லோரிடமும் அவர் சொன்னது வேறு. "ஒரு மணி நேரம்க்கா. அசையல ஒம் மக. கூட்டிட்டுத்தான் போகணும்." மாமாவின் மகன் வாயைத் திறந்தான், அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். "பொய்! பத்தொம்பதுதான்!" என்று காலை உதைத்து அழுதேன். என்னை ஏமாற்றுகிறார், தோற்றவளுக்கு மிட்டாய் கொடுப்பதுபோல ஜெயித்தாய் என்கிறார் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. புதரைத் தாண்டி நான் பின்வாங்கியதுமே அவருடைய கணக்கில் நான் ஜெயித்துவிட்டேன் என்பது பத்து வயதுக்குப் புரியவில்லை. மதுரைக்குத் தெற்கே ஒரு தடவைகூட ஓட்டிப் போகாத மனிதர் உகாண்டாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பதும் புரியவில்லை.

இப்போது காட்டுச்செடிகளைப் பற்றிப் படிக்கிறேன். அடுத்த வருடம் உகாண்டாவின் அந்த மலைக்காட்டுக்குப் போக அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், இரண்டு பேருக்கு. "எனக்கு அங்க என்ன சோலி?" என்று மாமா நழுவுகிறார். அவரிடம் பாஸ்போர்ட்டே கிடையாது.

வரும் திங்கட்கிழமை அவரை மதுரை பாஸ்போர்ட் ஆபீசுக்குக் கூட்டிப் போகிறேன். ஜீப்பை நான்தான் ஓட்டப்போகிறேன். அவரை ஓட்ட விட்டால், மலையடிவாரத்து வத்தலக்குண்டிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்.