கண்ணீர் அஞ்சலிக்கு ஃபோட்டோ இருக்குங்களா?

கல்யாண போர்டு அடிக்கக் குடுத்தவங்க சும்மா சும்மா வந்து பாத்துட்டுப் போவாங்க. சாவு போர்டு கேட்டு வர்றவங்க ஒரு மணி நேரத்துல வேணும்பாங்க, கையில ஃபோட்டோவும் இருக்காது. குன்னூர்ல ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கற என் பொழப்பு இதுதானுங்க. ஊட்டுல ஒரு சாவு விழுந்து, அழுதுக்கிட்டே செல்போன்ல ஃபோட்டோ தேடுனவங்களுக்கு நான் சொல்றது வெளங்கும். மத்தவங்களுக்கும் ஒரு நாள் வெளங்கும், அவசரமில்ல.

எனக்குப் போன வருசம்தான் வெளங்குச்சு. என் சம்சாரம் ஜோதி ஐப்பசி மழையில காய்ச்சல்னு படுத்தா, எந்திரிக்கல. அன்னிக்கு நான் கடையத் தொறக்கற நெலமையில இல்ல. சொந்தக்காரங்க வேற கடையில போர்டு அடிச்சுக் கட்டிட்டாங்க. தெருமுனையில அதப் பாத்த எம் பொண்ணு நித்யா, "இது யாருப்பா?"ன்னு கேட்டா. அவ்வளவு வெள்ளையா, மாசு மரு இல்லாம ஆக்கி வெச்சிருந்தாங்க. "வருச நெனவுக்காச்சும் நீங்களே அடிங்கப்பா"ன்னு அன்னிக்கே சொல்லிட்டா. சரின்னேன். கம்ப்யூட்டர்ல ஜோதி ஃபோட்டோவத் தொறப்பேன், மூடுவேன். அப்படியே நாள் ஓடி, வருசம் நெருங்கிருச்சு. நடுவுல ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்சுக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

எல்லாருக்கும் ஒரே கோட்டு

எங்கிட்ட ஒரு கறுப்புக் கோட்டு இருக்குங்க. கம்ப்யூட்டர்லதான். கழுத்துக்கு மேல மூஞ்சிய ஒட்டுனா ஆளு ஆபீசர் ஆயிருவாரு. இந்தத் தாலுக்காவுல காலமான ஆம்பளைங்கள்ல பாதிப்பேரு அந்தக் கோட்டத்தான் போட்டுக்கிட்டிருக்காங்க. பத்தலைன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.

டீ ஃபேக்டரியில வேல பாத்து ரிட்டையர் ஆன ஒருத்தருக்கு, பேங்க்ல இருக்கற அவரு மகன் கோட்டு கேட்டான். போட்டேன். கூட வந்த அவனோட அம்மா ஸ்க்ரீன ரொம்ப நேரம் பாத்தாங்க. ஏனுங்கம்மா, நல்லா இல்லீங்களான்னு கேட்டேன். "கம்பீரமா இருக்காரும்மா"ன்னான் மகன். அந்தம்மா அவன் பக்கமே திரும்பாம எங்கிட்டச் சொன்னாங்க:

"மார்கழிக் குளுர்ல ஸ்வெட்டர் போடுங்கன்னாலே கத்துவாரு. இத மாட்டி ரோட்டுல நிறுத்துனா மனுசன் என்னையத்தான் திட்டுவாரு, கழட்டுங்க தம்பி."

இத்தலார்லருந்து ஒரு ஃபோன்

சாவு போர்டுல சண்டை வர்ற எடம் மேல இல்லீங்க, கீழ. 'ஆழ்ந்த வருத்தத்துடன்'னு போட்டு யார் யார் பேரு வருதுங்கறதுலதான் குடும்பமே நிக்கும். மூத்த மருமகன் பேரு ரெண்டாவதா வந்ததுக்காகச் சாவு ஊட்டுல சாப்பிடாமப் போனவங்க உண்டு. நானா எதையும் மாத்த மாட்டேன். சொல்றத டைப் பண்ணுவேன், படிச்சுக் காட்டுவேன், வாய மூடிக்குவேன்.

இத்தலார்ல கேரட் வெவசாயம் பண்ற பெரியவர் ஒருத்தரு தவறிட்டாரு. பெரிய மகன் வந்து மகன்கள் பேரு மட்டும் குடுத்தாரு. ஒரு பொண்ணு இருக்கறது எனக்குத் தெரியும். இஷ்டப்பட்டவனக் கட்டிக்கிட்டுத் திருப்பூர் போன பொண்ணு, அப்புறம் பேச்சுவார்த்தை கெடையாது. நான் கேக்கல. மெசின் ஓட ஆரம்பிக்கற நேரத்துல ஃபோன் வந்துச்சு. அந்தப் பொண்ணோட அம்மா, மக பேரையும் போடச் சொல்லி. பின்னாடி ஒப்பாரிச் சத்தம், நடுவுல அவங்க கொரல் மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. மகன் அந்தப் பேரக் குடுக்கலீங்களேம்மான்னேன். அதுக்கு அவங்க சொன்னது:

"அவங்கப்பனுக்கு அவ பேருதான் மொதல்ல வாயில வரும், கடைசி வரைக்கும் அப்படித்தான் வந்துச்சு. பேரப் போடு சாமி, எவன் கேட்டாலும் எங்கிட்ட அனுப்பு."

தோள் மேல ஒரு கை

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன்லருந்து ஒரு தாத்தா வந்தாரு. சிலோன்லருந்து கப்பல்ல வந்த குடும்பம். சம்சாரம் தவறிட்டாங்க. இருக்கறது ஒரே படம், சிலோன விட்டு வர்றதுக்கு முந்தி குடும்பமா நின்னு எடுத்தது. அதுல ஆயாவத் தனியா வெட்டி எடுக்கணும். இதெல்லாம் நமக்குச் சுளுவு. சுத்தி நின்னவங்களையெல்லாம் எடுத்துட்டேன். அந்தம்மா தோள் மேல மட்டும் பின்னாடி நின்ன யாரோ ஒருத்தரோட கை. அதையும் சேலைக் கட்டத்தக் காப்பி பண்ணிப் பண்ணி, நூலு பெசகாம மறைச்சுட்டேன். எனக்கே பெருமையா இருந்துச்சு.

தாத்தா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி போட்டுப் பாத்தாரு. பாராட்டப் போறாருன்னு நிமிந்து உக்காந்தேன்.

"அந்தக் கை எங்க பெரியவன் கை. அவனும் இங்க வந்து மொத வருசமே போயிட்டான். கிழவி தோள்ல இருந்ததுங்க தம்பி, அங்கனேயே வெச்சிருங்க."

வெச்சேன். அழிக்கறதவிடத் திரும்ப வெக்கறதுக்குத்தான் நேரமாச்சு. தாத்தா போனப்புறம் ஜோதி ஃபோட்டோவத் தொறந்தேன். மூடிட்டேன்.

தேவாலா மழை

காரியம் முடிஞ்சதும் போர்டு என்னாகும்னு யோசிச்சிருக்கீங்களா? கேரட் மூட்டைக்குப் போத்துவாங்க, வெறகு மேல போடுவாங்க, மாட்டுக் கொட்டாய்க்குக் கட்டுவாங்க. எங்க ஏரியாவுல ஒரு கவுன்சிலரு மூணு மழைக்காலமா கோழிக் கூண்டு மேல கும்பிட்டுக்கிட்டே இருக்காரு.

தேவாலாவுல எஸ்டேட் வேல பாக்கற அக்கா ஒருத்தங்க. குன்னூர்ல தம்பி ஊடு இருக்கறதால, புருசன் தவறுனப்ப எங்கிட்டத்தான் போர்டு அடிச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வந்து, அதே மாதிரி இன்னொண்ணு வேணும், கொஞ்சம் கெட்டித் துணியாப் போடுங்கன்னாங்க. வருச நெனவு இன்னும் வரலியேங்கக்கான்னேன். அவங்களுக்குச் சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது. தேவாலா மழை உங்களுக்குத் தெரியும், பேய ஆரம்பிச்சா ஊர்க்காரங்களுக்கே வெறுத்துப் போகும். மொதப் போர்டக் கூரை மேல போட்டிருக்காங்க, சமையக்கட்டுக்கு இன்னொண்ணு வேணுமாம்.

"இருக்கறப்ப ஓட்ட அடைங்கன்னு சொல்லிச் சொல்லி எம் வாயி வலிச்சுது, அசையல. இப்பத்தான் பொறுப்பா மேல ஏறிப் படுத்திருக்காரு, ஒரு சொட்டு உள்ள வுடலீங்க."

எங்க ஊட்டு போர்டு

வருச நெனவுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப நித்யா கோயமுத்தூர்லருந்து வந்தா. அங்க நர்சிங் படிக்கறா. பஸ்ஸ விட்டு எறங்கி ஊட்டுக்குப் போகாம நேரா கடைக்கு வந்து, கஸ்டமர் ஸ்டூல்ல உக்காந்தா. போர்டு ரெடியான்னு கேப்பா, என்ன பொய் சொல்லலாம்னு நான் தேடிக்கிட்டிருந்தேன். அவ கேட்டது வேற: "ஏனுங்க, ஒரு நினைவஞ்சலி போர்டு அடிக்கணுங்க."

வெளையாடறான்னு நெனச்சேன். மூஞ்சியப் பாத்தா வெளையாட்டு இல்ல. சரின்னு நானும் எல்லார்கிட்டயும் கேக்கறதக் கேக்க ஆரம்பிச்சேன். பேருங்க? ஜோதின்னா. பொறந்த தேதி? சொன்னா. தவறுன தேதி? அதையும் சொன்னா. அவ சொல்லச் சொல்ல டைப் பண்ணிட்டேன். நானா உக்காந்து அந்தத் தேதிய என்னால ஒரு தடவகூட அடிக்க முடிஞ்சதில்லீங்க. ஃபோட்டோ இருக்குங்களான்னு கேட்டேன். "உங்ககிட்டயே இருக்குங்க"ன்னா.

தொறந்தேன். தொழில் புத்தி, கை தானாப் போயி மொகத்த வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. "அம்மா மங்கு எங்கப்பா?"ன்னா நித்யா. ஜோதிக்கு ரெண்டு கன்னத்துலயும் கறுப்பாத் திட்டுத்திட்டா மங்கு இருந்துச்சுங்க. நித்யா வயித்துல இருக்கறப்ப வந்தது, கடைசி வரைக்கும் போகல. என்னென்னமோ அரைச்சுப் பூசுவா, கண்ணாடிகிட்டச் சண்ட போடுவா. நான் செஞ்சத ரத்து பண்ணேன். மங்கு வந்துச்சு, ஜோதியும் வந்துட்டா. அழுதுட்டேன். கடைவாசல்ல ஒருத்தர் கல்யாண போர்டுக்குப் ப்ரூஃப் பாக்க வந்து நிக்கறாரு, அவரு பாட்டுக்கு நிக்கட்டும்னு அழுதேன். நித்யாவும் அழுதா. அவரு நல்ல மனுசன், அப்புறம் வர்றேன்னு போயிட்டாரு.

மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுக் கடைசிக் கேள்வி கேட்டேன்: கீழ யார் யார் பேரு போடணுங்க?

"உங்க பேரு, எம் பேரு. வேற யாரு இருக்கா நமக்கு? எழுத்தப் பெருசாப் போடுங்கப்பா, எடம் நெறைய இருக்கு."

ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரத்துல குடுக்கற போர்டு எங்க ஊட்டுக்கு மட்டும் ஒரு வருசம் லேட்டுதானுங்க, ஆனா கஸ்டமர் இன்னிக்கு வரைக்கும் ஒரு கொறை சொல்லல.