ஆறாம் காம்பராவுக்கு வந்த படம்

எலுமிச்சைத் தோலால் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் பூரணி. கொழுந்து பறித்த கறை அவ்வளவு சீக்கிரம் போகாது. போகாது என்று தெரிந்தும் தேய்ப்பாள். சேலைத் தலைப்பில் துடைக்கும் வழக்கமும் அவளுக்குக் கிடையாது. ஆணியில் மூன்றாக மடித்துத் தொங்கும் துவாலை அதற்கென்றே இருக்கிறது. விரலிடுக்கில் துளி ஈரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் டி.வி.யோடு மாட்டியிருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைத் தொடுவாள். "ஈரக் கையோட போனா கரண்டு நம்மள மதிக்காதுங்க" என்பாள். மரியாதை கொடுத்து மரியாதை வாங்குவது மின்சாரத்துக்கும் பொருந்தும் என்பது அவள் கட்சி.

மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில், பன்னிரண்டு வீடுகள் ஒரே தகரக் கூரைக்கடியில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லயம். அதில் ஆறாம் காம்பரா அவளுடையது. முப்பத்தெட்டு வயது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாய் நிற்பாள். கூடையை முதுகில் மாட்டும்போது "யல்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள், அரபியில் ‘கிளம்பு’ என்று. பக்கத்து நிரையில் நிற்கும் பெண்கள் இப்போது அதை அவளைவிட நன்றாகச் சொல்கிறார்கள். ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை பார்த்தவள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கடைசியில் திரும்பி வந்தாள்.

வரும்போது என்னென்னவோ கொண்டுவருவாள் என்று லயமே காத்திருந்தது. பெட்டியைத் திறந்தால் சோப்பு, போர்வை, பிள்ளைக்குக் கவுன், இவற்றுக்கு நடுவே பஞ்சு சுற்றிப் பத்திரமாக இரண்டு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றின் தலையிலும் மடக்கி விரிக்கும் ஏரியல். ஒன்று படத்தையும் சத்தத்தையும் காற்றில் அனுப்பும், மற்றது வாங்கும். இடையில் கம்பியே வேண்டாம். குவைத்து வீட்டுக் கூடத்தில் ஓடும் படம் சமையலறைச் சின்ன டி.வி.யில் தெரிந்தது இந்த இரண்டின் தயவில்தான். அந்த வீட்டம்மா அறைகளை மாற்றி மாற்றி அடுக்குகிறவள். மாற்றும்போதெல்லாம் பெட்டிகளைக் கழற்றி மாட்டியது பூரணி. புதிது வாங்கியபோது அந்தம்மா பழையதை இவளுக்கே கொடுத்துவிட்டாள்.

நாலாம் காம்பரா வீரய்யா அண்ணன் பெட்டியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இதுக்கா புள்ள ஆறு வருசம் போன?" என்று கேட்டார். லயத்தில் எல்லோரும் மனதில் கேட்டதை அவர் வாயால் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். அவள் போனது மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க. அது நடந்துவிட்டது. மகள்தான் கைக்கு வரவில்லை.

தயானியை நாலு வயதில் விட்டுப் போனாள். கணவர் சிவசாமிக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். பிள்ளையை வளர்த்தது அவருடைய அண்ணன் மனைவி ஜீவராணி. முதலாம் காம்பரா. பெற்ற இரண்டு பையன்களும் வேலைக்கென்று ஊரைவிட்டுப் போய்விட்ட வீடு அது. ஜீவராணி பிள்ளையை நன்றாகவே வளர்த்திருந்தாள். அங்கேதான் சிக்கல். பத்து வயது தயானி பெரியம்மாவை "அம்மா" என்றாள். பெற்றவளை எப்படியும் கூப்பிடவில்லை. "இந்தாங்க", "கேட்டீங்களா" என்று, மீதிச் சில்லறைக்காகப் பஸ் கண்டக்டரைக் கூப்பிடுவது மாதிரி ஒரு கூப்பாடு. கவுனை வாங்கிக்கொண்டாள், அழகாகச் சிரித்தாள், முதலாம் காம்பராவுக்கு ஓடிவிட்டாள். அன்றிலிருந்து அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை.

வேறு யாராயிருந்தாலும் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார்கள். அப்படிச் செய்யச் சொல்லி நாலு பேர் புத்தியும் சொன்னார்கள். பூரணி செய்யவில்லை. "விருந்தாளிகிட்ட எந்தப் புள்ளதாங்க ஒட்டும்? நான் இப்ப அதுக்கு விருந்தாளி" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். உள்ளே எப்படி எரிந்தது என்பது, அன்று மூன்று முறை கழுவிய பாத்திரத்தையே நாலாம் முறை கழுவியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவள் கண்ணுக்கு ஒன்று பட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தயானி இருக்கும் இடம் டி.வி. முன்தான். லயத்தில் ஒழுங்காகப் படம் தெரிவது முதலாம் காம்பராவில் மட்டும். அது மண்மேட்டை ஒட்டிய வீடு; மேட்டின் உச்சியில் ஏரியலை நட்டிருந்தார்கள். வானம் தெளிந்தால் இந்தியாக்காரன் படமே வந்துவிடும். ஆறாம் காம்பராவோ பள்ளத்தில். பூரணி ஹட்டனில் வாங்கி வந்த சின்ன டி.வி.யில் கோடுகள் நெளிந்ததைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மேட்டிலிருந்து கம்பி இழுக்கலாமே என்றால், லயத்து நியாயம் ஒன்று இருக்கிறது. யார் வீட்டுக் கூரையில் கம்பி போகிறதோ, அந்த வீட்டுக்கும் ஒரு கிளை விட்டாக வேண்டும். நடுவில் நாலு வீடு. ஐந்தாக வெட்டிய கம்பியில் கடைசியில் வந்து சேர்வது வெறும் இரைச்சல்தான்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளோடு ஜீவராணி வீட்டுக்குப் போனாள். ஏரியல் கம்பி போகும் உங்கள் கேசட் டெக்கின் முதுகில் இந்த ஒரு பெட்டியை மாட்டிக்கொள்ளட்டுமா, உங்கள் படம் ஒன்றும் குறையாது, அதே படம் எங்கள் வீட்டிலும் தெரியும் என்று விளக்கினாள். மஞ்சள் கம்பி படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு என்று தொட்டுக் காட்டினாள். ஜீவராணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு எந்திரம் புரியாவிட்டாலும் மற்றது புரிந்துவிட்டது.

"படம் மட்டும்தானே பூரணி அந்தப் பக்கம் போகுது?" என்றாள்.

பூரணியால் ஆமாம் என்று பொய் சொல்ல முடியவில்லை. மஞ்சள் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜீவராணி மாவுக்கையை உதறிக் கழுவிவிட்டு, டெக்கின் மேலிருந்த துணியைத் தானே எடுத்தாள். "மாட்டு. நான் ஆகாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்" என்றாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று இனி எவரும் சொல்லக்கூடாது.

மாட்டுவது என்னவோ எளிது. முதலில் குவைத்துச் செருகியின் சதுரக் கால் நம்மூர் வட்டத் துளைக்குள் இறங்கவில்லை. ஹட்டனுக்குப் போய் மாற்றி வாங்கினாள். பிறகு, பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தபடி, இரண்டு ஏரியலும் ஒன்றையொன்று பார்க்க வைத்தாள். தாளில் உள்ள எழுத்தை அவள் படிக்கமாட்டாள், படங்களைப் படிப்பாள். அந்தப் படத்தில் இரண்டு டி.வி.க்கு நடுவே ஒரே ஒரு மெல்லிய சுவர் இருந்தது. அதை நம்பியதுதான் அவள் செய்த தப்பு. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர் ஐந்தை எந்தத் தாளிலும் யாரும் வரைவதில்லை.

முதல் ஞாயிறு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு பெட்டிகளை வாசலுக்கு முன்னால் நீளும் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து, வாசலோடு வாசல் பார்க்க வைத்தாள். படம் வந்தது, யாராவது குறுக்கே நடந்தால் போய்விட்டது. லயத்து இஸ்தோப்பில் யாரும் நடக்காத நிமிஷம் எது? நடுவில் உட்கார்ந்திருந்த வீரய்யா அண்ணனுக்கு வேறு கவலை. படம் தன் உடம்புக்குள்ளால் போகிறதா என்று கேட்டார். போனாலும் ஒன்றும் செய்யாது என்று பூரணி சொன்னதும், "எங்க வாசல் வழியாத்தானே போகுது, கொஞ்சம் இங்கயும் எறங்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். மூன்றாம் ஞாயிறு மழை. பெட்டிகளைத் துவாலையில் சுற்றி உள்ளே வைத்துவிட்டாள். இத்தோடு முடிந்தது என்றுதான் லயம் நினைத்தது.

அன்று சாயங்காலம் மூன்றாம் காம்பராவில் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை. உப்பு கூடிப்போன குழம்பில் தொடங்கி புருஷனுக்குப் பெயர் கொடுத்த தாத்தா வரை போனது. பூரணி ரொட்டி தட்டியபடி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டிய கை அப்படியே நின்றது. அண்ணாந்து பார்த்தாள். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே இரண்டு முழத்துக்கு இடைவெளி, முதலாம் காம்பராவிலிருந்து பன்னிரண்டு வரை நேராக ஓடுகிறது. அடுப்புப் புகை போவதும், கருவாட்டு வாசம் போவதும், சண்டை போவதும் அந்த வழியில்தான். அதில் கருங்கல்லும் இல்லை, நடக்கிற ஆளும் இல்லை.

"சண்ட போற வழியில படம் போகாதா?" என்று ஜீவராணியிடம் போய்க் கேட்டாள். இருவருமாக ஒரு பலகையைத் தூக்கி முதலாம் காம்பராச் சுவரின் உச்சியில் வைத்தார்கள். பூரணி கட்டில் மேல் முக்காலி போட்டு ஏறி, ஐம்பது வருஷத்துக் கரியைத் துடைத்து, அனுப்பும் பெட்டியைப் பலகையில் உட்கார வைத்தாள். கீழே இறங்கி ஓடி, தன் வீட்டுச் சுவரின் உச்சியில் வாங்கும் பெட்டியை வைத்தாள். முகமெல்லாம் கரி. முதலில் சத்தம் வந்தது, யாரோ செய்தி வாசிக்கிறார்கள். ஏரியலை ஒரு விரல் அகலம் திருப்பினாள். செய்தி வாசிக்கும் பெண் பளிச்சென்று வந்து நின்றாள். பூரணி அவளைப் பார்த்து அழுதுவிட்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். அழுத சத்தமும் அதே வழியில் போய்விட்டது.

தயானி அடுத்த நாளே வந்தாள். படத்துக்காக வரவில்லை, இது எப்படி வருகிறது என்று பார்க்க வந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மறுநாள் வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் பாய்வரை வந்தாள். பூரணி அவளை இழுக்கவுமில்லை, விரட்டவுமில்லை. ரொட்டித் தட்டைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். முற்றத்துக்கு வந்த குருவியைப் பார்க்கிறவள்போல அங்கிருந்தே பார்ப்பாள். பாதி ரொட்டி தின்றால் அந்த நாள் நல்ல நாள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. பெட்டி அனுப்புவது ஜீவராணி பார்ப்பதைத்தான். வேறு படம் வேண்டுமென்றால் அங்கேதான் மாற்ற வேண்டும். அதனால் தயானி பூரணியின் பாயில் உட்கார்ந்து, அண்ணாந்து, "அம்மா, அடுத்ததுக்கு மாத்துங்க" என்று கூப்பிடுவாள். அடுப்படியில் நிற்கும் பூரணி ஒவ்வொரு முறையும் திரும்புவாள். அந்தச் சொல் அவள் தலைக்கு மேலால் முதலாம் காம்பராவுக்குப் போகும். அங்கிருந்து "இந்தா மாத்திட்டேன்" என்று பதில் வரும். பழகிப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழகவில்லை. படம் முடிந்ததும் பிள்ளை எழுந்து போய்விடும். சாப்பாடும் படுக்கையும் இன்னும் அங்கேதான்.

ஐப்பசி மாதத்து ஞாயிறு. மத்தியானப் படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் முதல் இடி உருண்டது. இடி கேட்டால் தோட்டத்தில் எல்லோரும் முதலில் செய்வது ஏரியல் கம்பியைப் பிடுங்குவது; ஜீவராணியும் பிடுங்கினாள். ஆறாம் காம்பராவில் கதாநாயகன் பேச வாயைத் திறந்தபடியே மறைந்து, திரை முழுக்க வெள்ளைப் பொரி கொட்டியது. பூரணி எழுந்து, கையைத் துடைத்து, டி.வி.யின் செருகியைக் கழற்றினாள்.

தயானிக்கு இடி என்றால் உயிர் நடுங்கும் என்று லயத்துக்கே தெரியும். இடித்தால் எங்கிருந்தாலும் ஒரே ஓட்டம், ஜீவராணி மடிக்கு. ஜீவராணியும் சுவருக்கு மேலால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பூரணி அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குரல் வரவில்லை. கம்பியைப் பிடுங்க அங்கே ஆள் இருந்தது. கூப்பிடாமல் விட்டதும் அதே ஆள்தான், தெரிந்தேதான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று பூரணிக்குத் தெரிந்தது. அதனாலேயே, பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

இரண்டாம் இடி கூரையின் மேலேயே விழுந்தது போலிருந்தது. தயானி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பூரணி மூலையில் இருந்த குடையை எடுத்தாள். கதவை அகலத் திறந்தாள். மழை இஸ்தோப்புக்குள் சாய்ந்து அடித்தது.

"வாம்மா, நனையாம அங்க கொண்டுபோயி விடுறேன்" என்றாள்.

பிள்ளை எழுந்து கதவருகே வந்தது. இஸ்தோப்பின் கோடியில் முதலாம் காம்பரா வாசலை ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தது. மின்னல் வெட்டியது. தயானி குடையை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். கதவை இரண்டு கையாலும் தள்ளிச் சாத்தினாள். தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது, எட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உள்பக்கமாகத் தாழ்ப்பாளைப் போட்டாள்.