மத்தியானம் சாய்கிற சாட்டிலைட்

வேலுமணி என்ற பெயரைச் சென்னியம்மாள் முதன்முதலாகக் கேட்டது ஒரு காதுகுத்து விருந்தில். எதிர்ப் பந்தியில் யாரோ, பாவாத்தாள் மகன் வேலுமணி தறியை விற்றுவிட்டு டிஷ் வாங்கியிருக்கிறானாம், அதை மொட்டைமாடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்து உட்கார்ந்திருக்கிறானாம் என்றார்கள். பந்தியே சிரித்தது. சென்னியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனசு வழக்கம்போல முறை தேடிப் போய்விட்டது. பாவாத்தாள் கிட்டாம்பாளையத்தாள், அம்மாவுக்குப் பெரியம்மா மகள். அப்படியானால் சின்னம்மா முறை. அவள் மகன் தம்பி. தம்பி ஒருவன் வானத்தில் அப்படி என்னத்தைப் பார்க்கிறான் என்று தெரியாமல் அவளுக்குப் பாயசம் இறங்கவில்லை.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். அடுத்த மாசமே அவன் கருமத்தம்பட்டியில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்து நின்றான். வந்த காரியத்தை அவன் சொல்வதற்கு முன்பே அவள் முறையைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் கேட்டதை இல்லை என்று சொல்ல அவள் புருஷன் தம்பிதுரைக்கு வழியில்லை.

அவன் கேட்டது இதுதான். பக்கத்து ஊரில் தன் மாடியில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து ஒயர் இழுத்து, கருமத்தம்பட்டி வீடுகளுக்கும் மாசச் சந்தாவுக்கு டிவி படம் கொடுக்கிறான். டிஷ்ஷிலிருந்து வரும் ஒயர் நீளம் போகப் போகப் படம் மங்கிவிடும். நடுவழியில் பூஸ்டர் என்று ஒரு பெட்டி வைத்தால்தான் கருமத்தம்பட்டிக் கீழ்வீதிவரைக்கும் தெளிவாகப் போய்ச் சேரும். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் கொடுக்கிற வீட்டுக்குக் கேபிள் இனாம். கேபிள்காரர்கள் எல்லா ஊரிலும் வைத்திருந்த ஏற்பாடு அது. வீட்டுக்குப் பின்னால், ஒயர் போகிற சந்தின் ஓரமாகத் தம்பிதுரையின் தறிக் குடோன் இருந்ததால், குடோன் சுவரில் பெட்டியை மாட்டி அங்கேயே கரண்டும் எடுத்தான்.

பெட்டியைப் பார்க்க வரும்போதெல்லாம் சென்னியம்மாள் அவனை உட்காரவைத்துக் கேள்வி கேட்பாள். எத்தனை சாட்டிலைட் இருக்கிறது, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளாதா, மழை பெய்தால் நனையாதா. அவனும் சளைக்காமல் சொல்வான். புதிதாக வந்த தமிழ்ச் சேனல் ரஷ்யாக்காரனுடைய பழைய சாட்டிலைட்டிலிருந்து வருகிறதாம். அது கிழடாகி, நின்ற இடத்தில் நிற்காமல் ஆடுகிறதாம். அதற்குத் தக்கபடி டிஷ்ஷையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்ப வேண்டுமாம். வாரம் தவறாமல் கோயமுத்தூர் காந்திபுரத்தில் டிஷ் சாமான் விற்கும் கடைக்குப் போய் என்ன புதுசு என்று கேட்டுவருவான்.

"ரண்டு மாசம் கோயமுத்தூர் போகலீன்னா நான் பழைய ஆளாயிருவேனுங்க்கா. அப்புறம் அடுத்தவன் குடோன்ல கூலிக்குத் தறி ஓட்டறதுதான்" என்பான்.

அந்தப் பயம் நிஜமாகவே வந்தது. கீழ்வீதியில் மத்தியானமானால் படம் போய்விடும். சரியாக நாடகம் ஓடுகிற நேரம். புகார் வந்ததும் வேலுமணி மாடியேறி டிஷ்ஷைத் தொட்டுத் திருப்புவான். கொஞ்ச நேரத்தில் படம் வந்துவிட்டது என்று ஆள் வந்து சொல்லும். சாட்டிலைட் உச்சிவேளையில் சாய்கிறது என்பது தன் கண்டுபிடிப்பு என்று அவனுக்கு உள்ளுக்குள் பெருமைகூட. காந்திபுரம் கடைக்காரரிடமும் சொல்லிவைத்தான். ஆனால் கீழ்வீதிக்குப் பெரிய மனுஷர் அரங்கசாமிக்குப் பொறுமை போய்விட்டது. வருகிற அமாவாசையிலிருந்து கோயமுத்தூர்க்காரனுடைய கேபிள் லைனை இழுத்துக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லிவிட்டார். கீழ்வீதி போனால் வேலுமணிக்குப் பாதிக்கு மேல் போச்சு.

அவன் வாடிய முகத்தோடு வந்து இதைச் சொன்னபோது, சென்னியம்மாள் ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, அந்த ரஷ்யாக்காரன் சாஞ்சா எனக்கும் சாயோணுமில்ல? எம்பட ஊட்டுல மட்டும் எப்படி நேரா நிக்கறான்?"

"உங்க ஊட்டுல மத்தியானம் படம் தெரியுதுங்களா?"

"நாளும் தெரியுது. கீழ்வீதிப் பொம்பளைக பாதிப்பேர் இங்க உக்காந்துதான நாடகம் பாக்கறாங்க."

படம் போச்சு என்றவர்களிடம் பேசியிருக்கிறானே தவிர, யாருக்குத் தெரிகிறது என்று ஒரு நாளும் அவன் கேட்டதில்லை. அவள் வீட்டு டிவிக்குப் போகிற ஒயர் பூஸ்டருக்கு முன்னாலேயே பிரிகிறது. அப்படியானால் கோளாறு வானத்தில் இல்லை, பூஸ்டரில்தான்.

மறுநாள் இருவரும் குடோனுக்குள் போய் நின்றார்கள். சோற்று நேரம் வந்ததும் தறிகள் நின்றன. தம்பிதுரை கையைத் துடைத்துக்கொண்டு வந்து மெயின் சுவிட்சை அமர்த்தினார். பூஸ்டரில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. அவருடைய அண்ணன் குடோன் ஒரு தடவை பஞ்சுத் தூசியில் பொறி பட்டு எரிந்துபோனதிலிருந்து, ஆள் இல்லாத குடோனில் அவர் கரண்டை விட்டுவைப்பதில்லை. ராத்திரி ஷிப்டிலும் தறி ஓடும் அந்தக் குடோன் மத்தியானச் சோற்றுக்கு மட்டும்தான் காலியாகும், சாப்பிட்டு வந்துதான் அவர் திரும்ப மெயினைப் போடுவார்.

வேலுமணி பாவு நூல் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"மச்சான், நீங்க சோறு திங்கப் போனா ரஷ்யாக்காரன் சாயறானுங்க."

தம்பிதுரைக்கு விளங்கவில்லை. விளங்கியதும், ஊர்க் கேபிளுக்காகக் குடோன் மெயினைப் போட்டுவைக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அது வேண்டாம், வீட்டு லைனிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சென்னியம்மாள் சமையலறை வழியாக ஒயர் இழுக்க இடம் விட்டாள்.

அரங்கசாமி லேசில் நம்பவில்லை. சாட்டிலைட் சாட்டிலைட் என்று இத்தனை நாள் காதில் பூ வைத்தானா என்று கேட்டார். தான் நிஜமாகவே அப்படித்தான் நினைத்ததாக வேலுமணி சொன்னான். பிறகு அவரே குடோனுக்கு வந்து, புது ஒயரைக் கழற்றவைத்துத் திரும்ப மாட்டவைத்தார். கீழ்வீதி டிவியைப் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல, சந்தில் நின்ற அவர் சம்சாரம் "போச்சு", "வந்துருச்சு" என்று குரல் கொடுத்தாள். இரண்டு மூன்று தடவை இப்படிப் பார்த்த பிறகுதான் கோயமுத்தூர்க்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். முன்பணம் கொடுத்துவிட்ட சில வீடுகள் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டன. காந்திபுரம் கடையில் வேலுமணி விஷயத்தைச் சொன்னபோது, அவன் பேச்சைக் கேட்டு இன்னும் யார் யாரோ மத்தியானத்தில் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருப்பதாகக் கடைக்காரர் தலையில் கைவைத்தாராம்.

அதற்கப்புறம் சேனல்கள் வேறு வேறு சாட்டிலைட்டுக்கு மாறின. பணம் கட்டினால்தான் தெரிகிற பூட்டுப்போட்ட சேனல்கள் வந்தன. டிஜிட்டல் என்று ஒரு பேச்சும் வந்திருக்கிறது. வேலுமணி இன்றைக்கும் வாரம் தவறாமல் கோயமுத்தூர் போகிறான். இப்போது கருமத்தம்பட்டியிலேயே, கீழ்வீதி முக்கில் ஒரு வாடகை அறையில், மூன்று டிஷ் வைத்துக் கேபிள் நடத்துகிறான்.